டிக் போட்டவர் சாவியை எடுக்க முடியுமா?

மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாளையொட்டி ஆலைகளில் பரிசுகள் வழங்குகிறார்கள். ஃபோர்க்லிஃப்ட்டின் தினசரி சோதனைத் தாளை ஒருநாளும் விடாமல் நிரப்பிய பிரிவைப் பாராட்டுவதும் அவற்றில் ஒன்று. இப்போது தாளின் இடத்தில் செயலி வந்துவிட்டது. வண்டியில் ஒட்டிய க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் நேரம் பதிவாகும், படமும் ஏறும். இனி யாரும் ஏமாற்ற முடியாது என்கிறார்கள். என்னால் இதை ஏற்க முடியவில்லை.

சோதனை வேண்டும், அதில் எனக்கு ஐயமில்லை. ஃபோர்க் வளையும் இடத்தில் தடிமன் 10 சதவீதம் தேய்ந்தாலே அதைக் கழற்றிவிட வேண்டும். சுமையைத் தூக்கும் மாஸ்ட் செயின் 3 சதவீதம் நீண்டால் மாற்ற வேண்டும். ஹைட்ராலிக் ஆயில் கசிவு, டயரில் வெட்டு, ஹாரன், பார்க்கிங் பிரேக், சீட் பெல்ட் என்று பார்த்து முடிக்கச் சில நிமிடங்கள் போதும். அந்த நிமிடங்கள் உயிரைக் காக்கும்.

ஆனால் குறை கண்ட பிறகு என்ன நடக்கிறது? காலை ஷிஃப்டில் ஒரு டிரைவர் பிரேக் பிடிக்கவில்லை என்று எழுதுகிறார். வாசலில் லாரி நிற்கிறது, லைனில் பாலெட் தீர்ந்துவிட்டது. “மெயின்டனன்ஸ்ல சொல்லியாச்சு, இந்த ஒரு லோடு மட்டும் எடுத்துடுப்பா” என்கிறார் சூப்பர்வைசர். டிரைவர் பெரும்பாலும் காண்ட்ராக்ட் ஆள். மறுத்தால் நாளை கேட்டுக்குள் விடுவார்களா என்பதே அவருக்கு உறுதியில்லை. வண்டி ஓடுகிறது. அடுத்த வாரம் அதே கட்டத்தில் அவர் சரி என்று டிக் போடுகிறார். இதைச் சோம்பல் என்று சொல்பவர்கள் அந்த இருக்கையில் ஒரு ஷிஃப்ட் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எழுதியும் பயனில்லை என்பதை ஆலைதான் அவருக்குக் கற்றுக்கொடுத்தது.

அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதி 1910.178, வண்டியை நாள்தோறும், இரவு பகலாக ஓடினால் ஒவ்வொரு ஷிஃப்டுக்குப் பின்னும் பார்க்கச் சொல்கிறது. தினசரிச் சோதனையை எழுதிவைக்க வேண்டும் என்று அதில் கட்டாயமில்லை. பழுதான வண்டியைச் சரிசெய்யும்வரை வேலையிலிருந்து விலக்க வேண்டும் என்பது கட்டாயம். நாம் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு வண்டியை நிறுத்துவதை விட்டுவிட்டோம். போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1987இல், இந்தியாவின் தொழிற்சாலைச் சட்டத்தில் சேர்ந்த 41எச் பிரிவு உடனடி ஆபத்தைப் பற்றி எச்சரிக்கும் உரிமையைத் தொழிலாளிக்குத் தந்தது. அதுவும் அபாயகரமான செய்முறை நடக்கும் ஆலைகளுக்கு மட்டுமே இருந்தது. சரக்குக் கிடங்கில் வண்டி ஓட்டுபவருக்கு அந்தச் சட்டத்தில் அந்த வாய்ப்பும் இருக்கவில்லை.

விபத்து நடந்தால் முதலில் வெளியே வருவது இந்தத் தாள்தான். “காலையில் பிரேக் சரி என்று நீதானே எழுதினாய்?” டிரைவரைக் காக்க வேண்டிய காகிதம் அவர்மீதே குற்றச்சாட்டாகத் திரும்புகிறது. கையெழுத்து அவருடையது, முடிவு வேறொருவருடையது. செயலி இந்த அநியாயத்துக்குப் படமும் நேரமும் சேர்த்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான். ஒரு வருடம் முழுக்க எல்லாக் கட்டமும் ‘சரி’ என்றிருக்கும் ஆலையைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. தேயாத வண்டி எங்கே இருக்கிறது?

பரிசு கொடுக்கும் நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மார்ச்சுக்குள் சோதனைத் தாளின் முதல் வரியில் இதை அச்சிடுங்கள்: குறை கண்டால் டிரைவரே சாவியை எடுத்துவிடலாம், பழுது நீங்கியதாக மெயின்டனன்ஸ் கையெழுத்திடும்வரை வேறு யாரும் வண்டியை எடுக்கக் கூடாது, அன்றைய சம்பளம் குறையாது. பிறகு கேடயத்தை, அந்த ஆண்டில் துணிந்து வண்டியை நிறுத்திய டிரைவருக்குக் கொடுங்கள்.