ஏன் ஏற்றோம் இப்பணியை?

பட்டம் பெற்று வெளிவரும் இளைஞனைப் பார்த்து ஊரார் கேட்கும் முதற் கேள்வி, "அடுத்து என்ன?" என்பதுதான். "ஆசிரியர் பணிக்குப் போகிறேன்" என்று அவன் விடையிறுத்தால், "நல்ல வேலை" என்று தலையசைத்துவிட்டு நகர்ந்துவிடுவர். ஏன் என்று எவரும் வினவுவதில்லை. அவனும் தன்னை வினவிக்கொள்வதில்லை. அந்த வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வற்புறுத்திக் கேட்டால் விடைகள் வரும். "மாதம் பிறந்தால் ஊதியம்" என்பான் ஒருவன். "மாலையில் வீடு, கோடையில் விடுமுறை" என்பான் மற்றொருவன். "மருத்துவம் கிட்டவில்லை, பி.எட். கிட்டியது" என்பான் இன்னொருவன். பெண்ணாயின் பெற்றோரே விடை சொல்லிவிடுகின்றனர்: மணச்சந்தையில் மதிப்புண்டு, அடுப்பங்கரைக்கும் இடையூறில்லை என்று! வயிற்றுக்கு வழி தேடுவது குற்றமாகாது. பசித்த ஆசிரியன் பாடம் நடத்த வேண்டும் என்று நாம் கூறவில்லை. ஆனால், எந்த அலுவலகத்துக்கும் பொருந்தும் இக்காரணங்களுள் பள்ளிக்கென்றே உரிய காரணம் எது? பிள்ளையைப் பற்றி ஒரு சொல்லேனும் உண்டா? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தை ஒட்டித் தகுதித் தேர்வும் வந்தது. அத்தேர்வு ஆசிரியனின் அறிவை அளக்கும். அவன் நெஞ்சை அளக்காது.

நெஞ்சை அளக்கும் கோல் தமிழில் உண்டோ எனின், உண்டு. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தியார் யாத்த நன்னூலின் பொதுப்பாயிரம், இலக்கணம் கற்பிக்கு முன்னர் ஆசிரியனுக்கே இலக்கணம் வகுக்கிறது. நிலம்போற் பொறுமை, வறண்ட காலத்தும் வளம் சுரக்கும் மலையின் இயல்பு, துலாக்கோலின் நடுநிலை, உரிய பொழுதில் மலரும் பூவின் முகமலர்ச்சி ஆகியவற்றை அது ஆசிரியனிடம் எதிர்பார்க்கிறது. ஆசிரியராகத் தகாதவர்க்கு அது காட்டும் உவமைகளோ இன்னும் கூர்மையானவை. வரிசையாக இட்டாலும் தாறுமாறாகக் கொட்டும் கழற்காய்க் குடம். தானாக விழுந்தாலன்றிப் பழம் தராமல், நெருங்குவோரைத் தடுக்கும் மடற்பனை. சிறிது சிறிதாக அடைத்து, சிறிது சிறிதாகவே பிடுங்க வேண்டிய பருத்திக் குண்டிகை. நீர் வார்த்தவனை விட்டு அடுத்தவன் கொல்லையில் காய் உதிர்க்கும் முடத்தெங்கு! பள்ளியில் ஊதியம் பெற்றுக்கொண்டு, தனிப்பயிற்சிக் கூடத்தில் மட்டும் உழைப்பைக் கொட்டுவோரை இதைவிட எவர் படம் பிடிக்க முடியும்? எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தத் தென்னை நிமிரவில்லை!

இவ்வளவும் போற்றத் தக்கனவே. ஆனால், போற்றுவதோடு நின்றால் அது திறனாய்வாகாது. ஆசிரியனுக்கு வேண்டிய தகுதிகளை அடுக்கும் நன்னூலார், அவ்வரிசையின் தலையில் வைத்த சொல் யாது? 'குலன்' என்பது! உயர்குடிப் பிறப்பு என்று உரைகாரர் அதனை விரிப்பர். அருளும் அறிவும் அதற்குப் பின்னர்தான். மாணவர் பட்டியலையும் காண்போம்: தன் மகன், தன் ஆசானின் மகன், மன்னன் மகன், மிகுபொருள் கொடுப்போன், வழிபடுவோன், விரைந்து கொள்ளும் அறிவுடையோன். மகன் என்னும் சொல் மும்முறை வருகிறது. மகள் ஒருமுறையும் வரவில்லை. பொருளில்லாத, மெல்லக் கற்கும் பிள்ளைக்கு வாயில் எங்கே? நன்னூலார் தம் காலத்தின் வழக்கை எழுதினார்; அவரை நோவதால் பயனில்லை. அந்தப் பட்டியலை இன்றும் நெஞ்சில் வைத்திருப்போரையே நாம் கேட்க வேண்டும்.

அவ்வரிசையை மாற்றியவர்களும் உண்டு. 1848இல் பூனா நகரில் சோதிராவ் பூலேயும் அவர்தம் துணைவியார் சாவித்திரிபாயும் பெண்களுக்குப் பள்ளி திறந்தனர். கற்பிக்கச் சென்ற சாவித்திரிபாய்க்கு அப்போது அகவை பதினேழு. அவர் நடந்த தெருவில் அவர்மீது கல்லும் சாணமும் வீசப்பட்டன. விடுமுறையும் மணச்சந்தை மதிப்புமா அவரை அந்தத் தெருவில் நடக்க வைத்தன? அடைபட்ட கதவைத் திறக்க வேண்டும் என்னும் வேட்கையன்றோ நடக்க வைத்தது!

நம் நாட்டிலும் அக்கதவுக்காகப் போர் நடந்தது. 1953இல் இராசாசி அரசு, பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளை பெற்றோர் தொழிலைப் பழகலாம் என்றது. குலக்கல்வி என்று நாடு அதனை எதிர்த்தது. 1954இல் காமராசர் ஆட்சி அத்திட்டத்தைக் கைவிட்டது. 1956இல் மதிய உணவை மாநிலமெங்கும் விரித்தது. சட்டமும் சோறும் பிள்ளையைப் பள்ளி வாயில்வரை கொணர்ந்தன. வாயிலுக்கு உள்ளே நடப்பது நம் கையில் உள்ளது. "இவன் அப்பன் தொழிலுக்குப் போகிறவன்தானே" என்று கரும்பலகை முன் நிற்கும் ஒருவர் மனத்துள் முடிவு கட்டிவிட்டால், 1954இல் மாண்ட திட்டம் அந்த வகுப்பறையில் அரசாணையின்றியே உயிர் பெற்றுவிடுகிறது. கடைசி வரிசைப் பிள்ளை அதனை எதிர்த்து ஊர்வலம் போக இயலாது. புத்தகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்குத்தான் போவான்.

ஆகவே, இளைஞரே! ஊதியம் கேட்போம், உரிமையும் கேட்போம். அவற்றோடு, "ஏன் ஏற்றோம் இப்பணியை?" என்று நம்மையும் கேட்போம். வீட்டில் முதன்முதலாக எழுத்தறியும் பிள்ளையின் பெயரை அதற்கு விடையாகச் சொல்லக்கூடியவர் வருக! அத்தகையோர் வந்தால், நன்னூலார் முதலில் வைத்த சொல்லுக்கு நம் பள்ளிகளில் இடமிராது.