ஐன்ஸ்டைனுக்கு எதிராக நான் அழுத்திய பொத்தான்

2016 நவம்பர் 30. பணமதிப்பிழப்பு வந்து மூன்று வாரம். ஏ.டி.எம். வாசலில் எனக்கு முன்னால் நாற்பது பேர். எல்லோரும் நொந்துபோய் நின்ற அந்த வரிசையில் ஒருவன் மட்டும் வாயெல்லாம் பல்லாக நின்றான். அது நான்தான். கைபேசியில் 0, 1, 1, 0 என்று தட்டிக்கொண்டே இருந்தேன்.

“என்ன தம்பி, பின் நம்பர் மறந்துபோச்சா?” என்றார் பின்னால் நின்ற பெரியவர்.

அன்றுதான் ‘பிக் பெல் டெஸ்ட்’. பார்சிலோனாவின் ஐ.சி.எஃப்.ஓ. ஆய்வு நிறுவனம் ஒருங்கிணைத்தது. நாம் விளையாட்டாகத் தட்டும் 0-வும் 1-ம் ஐந்து கண்டங்களில் உள்ள 12 ஆய்வகங்களுக்குப் போகும். அங்கே ஒளித்துகளை, அணுவை எந்தக் கோணத்தில் அளப்பது என்பதை அந்த எண்கள்தான் தீர்மானிக்கும். பிரிஸ்பேனிலோ வியன்னாவிலோ ஒரு கருவி என் கட்டைவிரலுக்காகக் காத்திருக்கிறது என்றால் சிரிப்பு வராதா!

பெரியவருக்குச் சொல்லிப் பார்த்தேன். “ரெண்டு பசங்க தனித்தனி ரூம்ல பரீட்சை எழுதறாங்க ஐயா. ஒருத்தன் கேள்வி இன்னொருத்தனுக்குத் தெரியாது. ஆனா பதில் ரெண்டும் அதிசயமாப் பொருந்துது.”

“முன்னாடியே பேசி வெச்சிருப்பானுங்க.”

ஐன்ஸ்டைன் கட்சியும் கிட்டத்தட்ட இதேதான். அந்த இரண்டு பசங்களைப் போலப் பிணைந்திருக்கும் துகள்கள் பிரியும்போதே விடையைக் கையோடு கொண்டுபோகின்றன என்பது. ஆனால் முன்கூட்டிப் பேசிவைத்தால் பதில்கள் எவ்வளவு தூரம் பொருந்த முடியும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. 1964-இல் அதைக் கணக்கிட்டுக் காட்டியவர் ஜான் பெல். பெல்ஃபாஸ்ட்டில் பிறந்தவர்; செர்னில் வேலை பார்த்தவர். குவாண்டம் பிணைப்பில் இருக்கும் துகள்களோ சோதனைக்குச் சோதனை அந்த எல்லையைத் தாண்டிவிடுகின்றன.

பெரியவர் விடவில்லை. “அப்ப கொஸ்டின் பேப்பர் அவுட் ஆகியிருக்கும்.”

எனக்குப் புல்லரித்துவிட்டது. இந்த விளையாட்டே அந்தச் சந்தேகத்துக்காகத்தானே! கேள்வியை, அதாவது எந்தக் கோணத்தில் அளப்பது என்பதை, தேர்ந்தெடுப்பது வழக்கமாக ஒரு கருவி. அந்தக் கருவியும் இயற்கையின் ஒரு துண்டுதான். அதுவே கூட்டுக்களவாணியாக இருந்தால்? எனவேதான் கேள்வியை மனிதர்களே எடுக்கட்டும் என்றார்கள். மனிதருக்குச் சுயவிருப்பம் உண்டா என்பது தனி வழக்கு, அதை வரிசையில் நின்று தீர்க்க முடியாது.

நான் பார்த்த குவாண்டம் விளக்கக் கூட்டங்களில் பாதி, வழக்கமான உதாரணமாக வரும் அந்தப் பாவப்பட்ட பூனையைப் பெட்டிக்குள் போட்டு மூடுவதோடு முடிந்துவிடும். நாம் வாய் பிளக்க வேண்டும், கைதட்ட வேண்டும், கிளம்ப வேண்டும். இங்கே கதையே வேறு. நீ தட்டினால்தான் சோதனை ஓடும் என்றார்கள். அறிவியலைப் பரப்ப இதைவிட அழகான வழியை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

விளையாட்டில் ஒரு குறும்பு வேறு. நம் அடுத்த எண்ணை ஊகிக்கும் நிரல் ஒன்று எதிராளி. நான் தாறுமாறாகத்தான் தட்டுகிறேன் என்று நினைத்தேன். அது என்னைப் பிடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு 0 வந்தால் மூன்றாவதாக 1 போட என் கை தானாகப் போகிறதாம். என் மனசின் தடத்தை ஒரு கைபேசி எனக்கே காட்டிக்கொடுத்தது.

“குடுங்க இப்படி” என்று பெரியவர் வாங்கினார். ஆள்காட்டி விரலால் குத்து குத்தென்று குத்தினார். நிரல் திணறியது. “சீட்டுல என்னை எவனும் ஜெயிச்சதில்ல தம்பி” என்றார். வரிசை நகர்ந்ததை இருவருமே கவனிக்கவில்லை. நடுவில் இரண்டு பேர் புகுந்துவிட்டார்கள்.

2018 மே மாதம் ‘நேச்சர்’ இதழில் முடிவு வந்தது. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர், 13 சோதனைகள். பெல்லின் எல்லை உடைந்திருந்தது. சோதனை நடந்த அன்று 12 மணி நேரம் நொடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட எண்கள் ஆய்வகங்களுக்குப் பாய்ந்தனவாம். மொத்தம் 9,73,47,490. அந்த எண்ணை அத்தனை இலக்கத்தோடும் அச்சில் பார்த்தபோது உட்கார்ந்து கணக்குப் போட்டேன். என்னுடையது எப்படியும் ஆயிரம் தேறும். பெரியவருடையது ஒரு நாற்பது.

என் முறை வந்தபோது மெஷினில் பணம் தீர்ந்துவிட்டது என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன்.