வலைக்குள் விளையும் காய்

தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலுமாகப் பரந்துள்ள பழவேற்காடு ஏரி, கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கும் உவர்நீர்க் காயல் ஆதலால், அதன் கரையிலுள்ள மீனவர் ஊர்களில் வீட்டுத் தோட்டம் போடுவோர் மணலையும் உப்பையும் மட்டுமன்றி, மேயவரும் ஆட்டையும் கிளறும் கோழியையும் எண்ணியே பயிரைத் தேர வேண்டியிருக்கிறது. கடலோர ஊர்களில் கிழிந்த நைலான் வலை தோட்டத்து வேலியாவது வழக்கம். பழைய வலைக்கு அதைவிடத் தக்க பயன் இல்லை எனலாம்.

எதை நடுவது என்பதை வலைக்கண், அதாவது முடிச்சுகளுக்கு இடைப்பட்ட துளையின் அளவே பெரிதும் முடிவுசெய்கிறது. ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியே பூக்கும் பூசணிக்கு மகரந்தத்தைக் கொண்டுசேர்க்கத் தேனீ வேண்டுமாதலால் அகன்ற கண்ணுடைய வலைக்குள் அது காய்க்கும். கொசுவலைபோல் நெருங்கிய வலையால் மூடினாலோ பூத்து வெறுமனே உதிரும். அதே நெருங்கிய வலைக்குள், தன் மகரந்தத்தாலேயே காய்க்கவல்ல கத்தரி, தண்டையும் காயையும் துளைக்கும் புழுவை ஈனும் அந்துப்பூச்சிக்குத் தப்பிச் செழிக்கும். இலைக்காகவே வளர்க்கப்படும் கீரைகளுக்கு இக்கவலை இல்லை. அவற்றுள்ளும் உவரைத் தாங்கும் பருப்புக்கீரையே இம்மண்ணுக்கு முதலில் எண்ணத்தக்கது. ஒற்றையிழையாலான தங்கூசி வலையில் பாம்பும் பறவையும் சிக்கி மடியுமாதலால், அதனைத் தோட்டத்தில் கட்டாதிருத்தல் நன்று.