போர்க்கால ஆலைப் பெண்ணும் நாஞ்சில் நாட்டுக் கூலியும்: அன்னா லிண்ட்பெர்க்கின் நூலை முன்வைத்து

இரண்டாம் உலகப் போர்க்காலப் பெண்ணுழைப்பு குறித்த எழுத்துகளில் ஒரே கதைப்போக்கு திரும்பத் திரும்ப வருகின்றது. ஆண்கள் போர்முனைக்குச் செல்கின்றனர். பெண்கள் ஆலைக்குள் நுழைகின்றனர். போர் முடிந்ததும் வீட்டிற்கு அனுப்பப்படுகின்றனர். அமெரிக்காவின் 'ரோசி' படிமம் இதன் முத்திரை. இந்தியாவிலும் இதனையொத்த சான்று உண்டு. நிலக்கரிச் சுரங்கங்களின் அடியில் பெண்கள் வேலை செய்ய இருந்த தடை 1943இல் தளர்த்தப்பட்டு, 1946இல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. இச்சட்டகம் திருவிதாங்கூருக்குப் பொருந்துமா என்பதே வினா.

பொருந்தாது என்பதற்கான சான்றுகளை அன்னா லிண்ட்பெர்க்கின் 'இந்தியாவில் நவீனமயமாதலும் பெண்மையாக்கமும்: 1930 முதல் கேரள முந்திரித் தொழிலாளர்' (2005) என்னும் ஆங்கில நூலிலிருந்தே திரட்டலாம். கொல்லத்து முந்திரி ஆலைகளில் பெண்கள் போருக்கு முன்பே பெரும்பான்மையினர். வறுத்தல் ஆண்களுக்குரியது, உடைத்தல், தோலுரித்தல், தரம்பிரித்தல் பெண்களுக்குரியவை. தோட்டின் எண்ணெய் கையைப் புண்ணாக்கும் உடைத்தல் வேலை பெரிதும் தலித் பெண்களிடம் விடப்பட்டது. பெண்களுக்கு எடைக்கணக்கில் கூலி. அவர்தம் வருவாய் கணவன் வருவாய்க்குத் துணையானது என்னும் கருத்து கூலியைத் தாழ்த்தியே வைத்தது. ஆகவே இங்குச் சிக்கல் ஆலைக்குள் நுழைவதன்று. உள்ளே இருப்பவளின் உழைப்புக்கு இடப்பட்ட மதிப்பே. தொழிலாளர் நினைவுகளைச் சாதியோடும் பாலினத்தோடும் சேர்த்து வாசித்து இதனை நிறுவியது நூலின் பெரும்பேறு எனலாம்.

எல்லைதான் இடர். 'கேரளம்' என்னும் சட்டகம் 1956 நவம்பர் 1க்குப் பிந்தையது. அதுவரை அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகியன கொல்லத்தோடு ஒரே அரசின் கீழ் இருந்தவை. பின்னர்க் குறைந்த கூலியை நாடி ஆலைகள் குமரி மாவட்டத்திற்குப் பெயர்ந்தன. கேரளத்தின் பார்வையில் 'அண்டி ஆபீஸ்' செல்லும் குமரிப் பெண் (ஆலையை 'ஆபீஸ்' என்றே இங்கு வழங்குவர்) மலிவான உழைப்பு என்னும் சொல்லாகச் சுருங்கிவிடுகின்றாள். மாநில எல்லையை ஆய்வெல்லையாகக் கொள்வதன் விலை இது.

நாஞ்சில் நாட்டில் போரைத் தேட வேண்டிய இடம் ஆலையன்று, வயல். திருவிதாங்கூர் வெளியரிசியை, குறிப்பாகப் பர்மா அரிசியைப் பெரிதும் நம்பியிருந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தபின் அவ்வரவு நின்றது. அரசின் நெற்களஞ்சியமான நாஞ்சில் நாட்டுக் கன்னிப்பூ, கும்பப்பூ விளைச்சல்கள் போர்க்கால உணவுச் சிக்கலின் மையத்திற்கு வந்தன. நாற்று நட்டவளும் களை பறித்தவளும் கதிர் அறுத்தவளும் பெண்ணே. ஆயினும் இவ்வுழைப்பைப் 'போர்க்கால உற்பத்தி' என்று வகைப்படுத்தும் வழக்கம் ஆய்வுலகில் இல்லை. பருவந்தோறும் நடக்கும் வேலை புதுமையாகத் தோன்றாமையே காரணம்.

இவ்விரு உழைப்பையும் ஒப்பிட்டால் மற்றொன்று புலப்படும். முந்திரிக் கூலி காசு. அறுவடைக் கூலி களத்தில் அளக்கப்படும் நெல். அரிசி விலை ஏற ஏறக் காசின் வாங்குதிறன் குறைகின்றது. நெல்லின் மதிப்போ குறைவதில்லை. அறுவடை நாள்களிலேனும், 'பின்தங்கிய' கூலிமுறை எனப்பட்டதே பெண்ணின் கைக்குக் காவலாக இருந்திருக்கக் கூடும். நவீன ஆலைக் கூலியை முன்னேற்றத்தின் அளவுகோலாகக் கொள்ளும் எழுத்துகளுக்கு இது நெருடலானது. ஆலைத் தொழிலாளியை ஊதியப் பதிவேட்டிலேனும் தேடலாம். அறுவடைக்காரியைத் தேட வேண்டிய இடம் நிலவுடைமைக் குடும்பங்களின் நெற்கணக்கு ஏடுகள்.