மறந்துபோன மூன்றாவது கோணம்

மலைப்பாதைக்காக உயர்த்திக் கட்டிய வண்டியைப் பார்ப்பவர்கள் அதன் ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் பருத்த டயரையும்தான் வியக்கிறார்கள். அந்த வியப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்தத் தொழிலின் மெய்யான கைத்திறன் இவையெல்லாம் பூட்டி முடிந்தபின்தான் தொடங்குகிறது என்பது என் கட்சி. வண்டியை உயர்த்துவதற்குப் பணமும் பாகங்களும் போதும். உயர்த்திய வண்டியை நெடுஞ்சாலையில் பதற்றமில்லாமல் நேராக ஓட வைப்பதற்கு ஒரு மனிதர் யோசிக்க வேண்டும். வீல் அலைன்மென்ட்டை டயர் கடையின் சில்லறை வேலையாக நினைத்துப் பழகிவிட்டோம். கம்பெனி விட்ட உயரத்திலேயே நிற்கும் காருக்கு அந்த எண்ணத்தால் பெரிய கேடு இல்லை. உயர்த்திய வண்டிக்கு உண்டு.

சுசூகி ஜிம்னியை எடுத்துக்கொள்வோம். 2023 முதல் இந்தியாவில் விற்பனையாகும் ஐந்து கதவு வண்டிக்கும் முன்புறம் ஒரே இரும்புக் குழலாக நீளும் கெட்டி ஆக்ஸில்தான். அதைச் சேஸிஸோடு பிணைத்து, முன்பின் நகராமல் பிடிப்பவை இரண்டு ரேடியஸ் ஆர்ம்கள். பக்கவாட்டில் நகராமல் பிடிப்பது குறுக்கே போகும் பேன்ஹார்ட் ராட். சக்கரத்தின் நிலையைச் சொல்லும் கோணங்கள் மூன்று. முன்னால் நின்று பார்க்கும்போது தெரியும் சக்கரத்தின் சாய்வு கேம்பர். மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்விளிம்புகள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ இருப்பது டோ. பக்கவாட்டில் பார்க்கும்போது, சக்கரம் எந்தக் கிங்பின் அச்சைச் சுற்றித் திரும்புகிறதோ அந்த அச்சின் பின்சாய்வு காஸ்டர். இரு சக்கரங்களும் ஒரே ஆக்ஸிலில் இருப்பதால் வண்டியை எவ்வளவு உயர்த்தினாலும் கேம்பர் மாறுவதில்லை. சக்கரங்களைத் தாங்கித் திருப்பும் இரண்டு நக்கிள்களையும் டை ராட் நேரடியாக இணைப்பதால் டோவும் மாறுவதில்லை என்றே சொல்லலாம். மாறுவது காஸ்டர். ஆர்மின் பின்முனை சேஸிஸோடு சேர்ந்து மேலே போக, ஆக்ஸில் முழுவதும் முன்நோக்கி உருண்டு, பின்னால் சாய்ந்திருந்த அச்சு நிமிர்ந்துவிடுகிறது. கேம்பரையும் டோவையும் மட்டும் பார்க்கிற கடை இந்த வண்டியில் எந்தக் குறையும் காணாது. திரையில் பச்சை நிறம் வரும், வண்டியோ சாலையில் அலைபாயும். கெட்டுப்போன ஒரே கோணத்தை யாரும் அளக்கவில்லை என்பதே காரணம்.

அந்தக் கோணம் எவ்வளவு போகிறது என்பதைப் பள்ளிக்கூடக் கணக்கே சொல்லிவிடும். ஆர்ம் ஒரு மீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால், 50 மி.மீ. உயர்த்தினாலே ஏறக்குறைய 3 டிகிரி காஸ்டர் தொலைகிறது. ஆர்ம் குட்டையானால் இழப்பு இன்னும் கூடும். 3 டிகிரி அற்பமாகத் தோன்றலாம்; ஆனால் அது தரையில் என்ன செய்கிறது என்று பாருங்கள். ஜிம்னியின் 195/80 ஆர் 15 டயருக்கு ஆரம் சுமார் 346 மி.மீ. கிங்பின் அச்சை நீட்டினால் அது தரையைத் தொடும் புள்ளி, டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் விழும். அந்த இடைவெளிதான் சக்கரத்தை நேர்நிலைக்கு இழுத்து வருகிறது. சைக்கிளில் கைவிட்டு ஓட்ட முடிவதிலும் இதற்குப் பங்கு உண்டு. ஒரு டிகிரி காஸ்டருக்கு ஏறத்தாழ 6 மி.மீ. இடைவெளி. 3 டிகிரி போனால் 18 மி.மீ. போகிறது. திருப்பியபின் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராமல் சோம்புவதும், லாரி கடந்துபோகும் காற்றுக்கே வண்டி தடுமாறுவதும், ஓட்டுநர் ஓயாமல் சின்னச் சின்னத் திருத்தம் செய்துகொண்டே போவதும் இந்த 18 மி.மீ. இழப்பு செய்கிற வேலை. பேன்ஹார்ட் ராடுக்கும் தனிக் கணக்கு இருக்கிறது. 900 மி.மீ. அகலத்தில் 100 மி.மீ. சரிந்திருக்கும் ராட், வண்டியை 50 மி.மீ. தூக்கியதும் இன்னும் சரிந்து, ஆக்ஸிலை 7 மி.மீ. ஒரு பக்கம் இழுத்துவிடும். ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்கும் அப்படியே சரிவதால் ஸ்டீயரிங் வீல் கோணலாக நிற்கும்.

அந்தக் கோணலை ஒருவர் எப்படிச் சரிசெய்கிறார் என்பதை வைத்தே அவர் கையை எடைபோட்டுவிடலாம். ஸ்டீயரிங் வீலைக் கழற்றி இரண்டு பல் தள்ளி மாட்டினால் கண்ணுக்கு நேராகிவிடும். ஆனால் இந்த வகை ஸ்டீயரிங் பெட்டியில் நேர்நிலைக்கென்றே பல்லிறுக்கம் கூடிய ஒரு நடுப்புள்ளி உண்டு. நேராக ஓடும்போது ஆட்டம் இல்லாதிருக்க வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். வீலை மட்டும் மாற்றி மாட்டினால், வண்டி காலமெல்லாம் அந்தப் புள்ளிக்கு வெளியிலேயே, தொளதொளப்பான இடத்தில் ஓடும். தொழில் தெரிந்தவர் வீலைத் தொடமாட்டார். முதலில் பேன்ஹார்ட் ராடைச் சரிசெய்து ஆக்ஸிலை நடுவுக்குக் கொண்டுவருவார். பிறகு பெட்டியின் நடுப்புள்ளியைப் பிடித்து, அதற்கேற்ப டிராக் லிங்கை நீட்டுவார் அல்லது குறுக்குவார். கடைசியில்தான் டை ராடுக்கு வருவார். ஒவ்வொன்றும் அடுத்ததன் அளவை மாற்றக்கூடியது; அதனால் இந்த வரிசை தவறினால் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டியதுதான்.

காஸ்டரை அளக்கும் முறையைப் போல எனக்குப் பிடித்த காட்சி இந்தத் தொழிலில் வேறில்லை. சாதாரண அலைன்மென்ட் இயந்திரம் கேம்பரையும் டோவையும் நேராகவே பார்க்கிறது. காஸ்டரை அது அப்படிப் பார்க்க முடியாது, ஏனென்றால் கிங்பின் அச்சு சக்கரத்துக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. எனவே முன்சக்கரங்களைச் சுழல் தட்டுகளில் நிறுத்தி, பிரேக்கை அழுத்திப் பூட்டி, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் குறிப்பிட்ட டிகிரியும் மறுபக்கம் அதே டிகிரியும் திருப்புகிறார்கள். அச்சு சாய்ந்திருந்தால், திரும்பும்போது சக்கரத்தின் கேம்பர் மாறும். அந்த மாற்றத்திலிருந்து கணக்கிட்டுக் காஸ்டர் சொல்லப்படுகிறது. பிரேக் பூட்டாமல் செய்தாலும், தட்டு இறுகியிருந்தாலும், கிங்பின் பேரிங்கில் ஆட்டம் இருந்தாலும் கணக்கு பொய்த்துவிடும். அதனால்தான் நல்லவர் முதலில் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்கிறார், புஷ்களைக் கம்பியால் நெம்பிப் பார்க்கிறார், காற்றழுத்தம் பார்க்கிறார், புது ஸ்பிரிங் அமர்வதற்குச் சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வரச் சொல்கிறார். வின்ச்சும் கூரைக் கேரியரும் வழக்கமாக இருக்கும் வண்டி என்றால் அவற்றோடுதான் அளப்பார்.

இழந்த காஸ்டரைத் திருப்பித் தர ஜிம்னியில் முறுக்குவதற்கு ஒரு நட்டும் கிடையாது. துளை நடுவிலிருந்து விலகிய புஷ்களோ, வளைவு மாற்றிய ஆர்மோ போட்டு ஆக்ஸிலைப் பின்னால் உருட்ட வேண்டும். இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். அவ்வளவு நல்லதென்றால் இழந்ததற்கும் மேலேயே கொடுத்துவிடலாமே? கொடுக்க முடியாது. டிஃபரன்ஷியலும் அதே ஆக்ஸிலில்தான் இருக்கிறது. காஸ்டருக்காகப் பின்னால் உருட்டினால் ஷாஃப்ட் வந்து சேரும் பினியன் முகம் கீழே தாழும், உயர்வால் ஏற்கெனவே சரிந்துவிட்ட முன் புரொப்பல்லர் ஷாஃப்டின் மூட்டுக் கோணம் இன்னும் கெடும், அதிர்வு வரும். தார்ச்சாலையில் இருசக்கர இயக்கத்தில் ஓடும் ஜிம்னி இந்த விலையைத் தாங்கிக்கொள்ளும். 1990-களின் டொயோட்டா லேண்ட் குரூசர் 80 வரிசையிலும் முன்னால் காயில் ஸ்பிரிங், ரேடியஸ் ஆர்ம், கெட்டி ஆக்ஸில்தான். ஆனால் பல நாடுகளில் அது முழுநேர நான்குசக்கர இயக்கத்தோடு விற்கப்பட்டது. அதன் முன் ஷாஃப்ட் எப்போதும் சக்தி கடத்திச் சுழல்வது. ஆகவே அதில் இரண்டரை டிகிரியோடு நிறுத்திக்கொள்வதா, மூன்றையும் மீட்பதா என்பதை வண்டியையும் ஓட்டுபவரையும் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். எந்த அட்டவணையிலும் இதற்கு விடை இல்லை.

தனித்தனியாக ஆடும் முன்சக்கரம் கொண்ட ஃபார்ச்சூனர், ஹைலக்ஸ் போன்றவற்றில் சிக்கல் வேறு விதம். அங்கே கீழ் ஆர்மின் முன்னும் பின்னும் திருகி நகர்த்தக்கூடிய இரண்டு கேம் போல்ட்கள் இருக்கின்றன. இரண்டையும் வெளிப்பக்கம் நகர்த்தினால் சக்கரத்தின் அடி வெளியே போய்க் கேம்பர் குறைகிறது. முன்னதை உள்ளேயும் பின்னதை வெளியேயும் நகர்த்தினால் காஸ்டர் கூடுகிறது. உயர்த்திய வண்டியில் கேம்பர் நேர்மறைப் பக்கம் போய்க் காஸ்டரும் குறைந்திருந்தால், ஒரே முன் போல்ட்டைக் கேம்பர் வெளியே கூப்பிடும், காஸ்டர் உள்ளே கூப்பிடும். அந்த இழுபறியில் எதற்கு எவ்வளவு விட்டுக்கொடுப்பது, எந்த இடத்தில் மேல் ஆர்மையே மாற்றச் சொல்வது என்று முடிவெடுப்பவரை வெறும் இயந்திரம் ஓட்டுபவர் என்று சொல்ல மாட்டேன். நம் சாலைகள் இடப்புறம் சரிவதால் வண்டி இடப்பக்கம் ஒதுங்கும். காஸ்டர் குறைவான பக்கத்துக்கே வண்டி இழுக்கும் என்பதால் இடச்சக்கரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக வைத்து அதை ஈடுகட்டுபவர்களும் உண்டு. இருபுறமும் ஒரே எண் வர வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் வாடிக்கையாளர் இதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

காஸ்டர் டயரைப் பெரிதாகத் தின்பதில்லை, டோதான் தின்கிறது, அதைப் பார்த்தால் போதாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். டோவைப் பற்றி அவர்கள் சொல்வது சரி. ஒரு சக்கரம் அரை டிகிரி திரும்பி ஓடினால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கிட்டத்தட்ட 9 மீட்டர் பக்கவாட்டில் அரைபடுகிறது. ஆனால் டயரின் ஆயுள் வேறு, ஓட்டுபவரின் பாதுகாப்பு வேறு. பாறையில் மோதி எப்படியும் கெடப்போகும் வண்டிக்கு இவ்வளவு நுட்பம் எதற்கு என்பது இன்னொரு வாதம். பாறைக்குப் போகும் வண்டியும் அங்கே போய்ச் சேரப் பல மணி நேரம் நெடுஞ்சாலையில்தான் ஓடுகிறது; கெடும் என்பது மறுபடி அளக்க வேண்டியதற்குத்தான் காரணம். தடித்த ஸ்டீயரிங் டேம்பர் போட்டால் ஆட்டம் நின்றுவிடுகிறதே என்பதும் அடிக்கடி கேட்கும் பேச்சு. டேம்பர் ஆட்டத்தை அமுக்குகிறது. அதற்குக் காரணமான கோணமும் தேய்ந்த பேரிங்கும் அப்படியே இருக்கின்றன. இனி மின்னணு பார்த்துக்கொள்ளும் என்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது, வண்டி சறுக்காமல் காக்கும் ஈ.எஸ்.பி., ஸ்டீயரிங் கோணத்தையும் வண்டி உண்மையில் திரும்பும் வேகத்தையும் ஒப்பிட்டே முடிவெடுக்கிறது. கோணலான ஸ்டீயரிங் அதற்குத் தப்பான சேதி சொல்லும். ஆகவே அலைன்மென்ட் முடிந்ததும் அந்த சென்சாரின் நேர்நிலையைப் புதிதாகப் பதிவதும் வேலையின் பகுதியே.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு மாற்றங்களுக்கு விதிக்கும் வரம்பை அறிந்தே வண்டியில் கை வைக்க வேண்டும். அதன்பின்னும் உயர்த்துவதாக முடிவெடுத்தால், கிட் வாங்கும் அன்றே காஸ்டர் திருத்தத்துக்கும் அலைன்மென்ட்டுக்கும் பணம் ஒதுக்குங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் அளந்த தாளைக் கேட்டு வாங்குங்கள். அதில் காஸ்டர் வரி காலியாக இருந்தால் வேலை முடியவில்லை, வண்டியை எடுக்காதீர்கள்.