இணைப்பை மறந்த பாடம்

வெப்பக் கடத்தல் பற்றிய பாடங்களைப் புரட்டிப் பாருங்கள். தாமிரத்தின் வெப்பங்கடத்துதிறன் ஏறத்தாழ 400 வாட்/மீட்டர்-கெல்வின், அலுமினியத்திற்கு 235. இவ்வட்டவணையை மட்டும் நம்பித் தாமிரக் குழாயில் அலுமினியத் தகட்டைக் கம்பியால் கட்டிச் சூரிய வெந்நீர்க் கருவி செய்தால் என்ன ஆகும்? தகடு கையைச் சுடும். நீரோ வெதுவெதுப்போடு நின்றுவிடும்.

காரணம் என்ன? வழவழப்பாகத் தோன்றும் உலோகப் பரப்புகளும் மேடுபள்ளமானவையே. அவை சில முனைகளில்தான் தொடுகின்றன. எஞ்சிய இடமெல்லாம் காற்று. காற்றின் கடத்துதிறன் 0.026 மட்டுமே. அலுமினியத்தில் ஏறத்தாழ 9,000-இல் ஒரு பங்கு! தகட்டையும் தாமிரமாக மாற்றினாலும் இந்தத் தடை நீங்காது.

தொழிற்சாலைகள் இதை நன்கு அறியும். குளிர்பதனக் கருவிகளில் தகட்டுத் துளைகளில் குழாயைச் செருகி, அதனுள் சற்றே பெரிய உலோகக் குண்டைச் செலுத்துகிறார்கள். குழாய் விரிந்து தகட்டை இறுகப் பற்றுகிறது. சூரியக் கருவிகளில் பற்றவைக்கிறார்கள்.

நீங்கள் செய்வதானால், குழாய் பதியுமாறு தகட்டில் பள்ளம் அமையுங்கள். இடைவெளியில் வெப்பங்கடத்தும் பசையைப் பூசி இறுக்குங்கள்.

பாடங்கள் உலோகத்தைச் சொல்லி இணைப்பைச் சொல்லாமல் விடுவது சிறு குறையன்று. செய்து பார்க்கும் மாணவர் தோற்றால், அறிவியலே பொய் என்றல்லவா எண்ணுவார்?