உச்சிக்குடும்பன் ஏன் தொலைக்காட்சிக்கு வரவில்லை?

அரக்கோணத்திலிருந்து வடக்கே போகிற ரயில், திருத்தணி தாண்டிய சற்று நேரத்தில் ஆந்திரத்துக்குள் நுழைந்துவிடும். 1960-ல் எல்லையைத் திருத்தியபோதுதான் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. பொம்மை ஆட்டுகிறவர்களை அந்தக் கோடு பெரிதாகப் பிரித்துவிடவில்லை. கன்னியாகுமரிப் பக்கம் தோல்பாவைக்கூத்து ஆடும் மண்டிகர்களுக்கும் ஆந்திரத்தின் நிம்மலகுண்டாவில் தோலு பொம்மலாட்டா ஆடுகிறவர்களுக்கும் வீட்டுப் பேச்சு மராத்தி. இருவரும் ஆடுவது ராமாயணம். ஆனால் இரண்டு இடத்திலும் கூட்டத்தைக் கலையவிடாமல் பிடித்துவைப்பவர் ராமர் இல்லை. நடுவே புகுந்து கலாட்டா செய்யும் கோமாளி ஜோடி. இங்கே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும். அங்கே ஜுட்டு போலிகாடும் பங்காரக்காவும். கதைக்கு இவர்கள் தேவையே இல்லை. உதைபடுவார்கள், உளறுவார்கள். இலங்கையில் நின்றுகொண்டு உள்ளூர் வம்பு பேசும் உரிமை இவர்களுக்கு மட்டும்தான்.

தொலைக்காட்சியிலும் பொம்மைகளுக்கு இப்படி ஓர் இடம் கிடைத்ததுண்டு. அமெரிக்காவின் 'செசமி ஸ்ட்ரீட்' என்ற குழந்தைகள் நிகழ்ச்சி 1969 நவம்பர் 10-ல் தொடங்கி அரை நூற்றாண்டைக் கடந்துவிட்டது. ஏன் என்று கல்வியாளர்களைக் கேட்டால் அதன் பாடத்திட்டத்தைப் புகழ்வார்கள். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. ஒளிபரப்புக்கு முன் பிலடெல்பியாவில் சில குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். மனிதரையும் பொம்மையையும் ஒரே காட்சியில் கலந்தால் பிள்ளைகள் குழம்பிவிடும் என்பது உளவியல் நிபுணர்களின் எச்சரிக்கை. அதனால் தெருக் காட்சிகளில் மனிதர் மட்டுமே இருந்தார்கள். அவை வந்ததும் குழந்தைகளின் கவனம் கலைந்தது. நிபுணர்களின் பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு, பொம்மைகளை உருவாக்கிய ஜிம் ஹென்சன் 'பிக் பேர்ட்' என்ற எட்டடிப் பறவையையும் குப்பைத்தொட்டியில் வாழும் ஆஸ்கரையும் அந்தத் தெருவிலேயே குடிவைத்தார்.

அந்தப் பறவைக்குள் 1969 முதல் பல பத்தாண்டுகள் இருந்தவர் கரோல் ஸ்பின்னி. ஒரு கையை உயரத் தூக்கித் தலையை ஆட்டுவார். வெளியே நடப்பதை மார்பில் கட்டிய சின்னத் திரையில் பார்ப்பார். கடைக்காரர் ஹூப்பராக நடித்த வில் லீ 1982-ல் இறந்தபோது, வேறொருவரை அந்த வேடத்தில் போட்டுச் சமாளித்திருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. அடுத்த ஆண்டு ஒளிபரப்பான காட்சியில், ஹூப்பருக்குத் தான் வரைந்த படத்தை வைத்துக்கொண்டு பறவை காத்திருக்கிறது. அவர் இனி வரமாட்டார் என்று பெரியவர்கள் சொல்ல, ஏன் என்று கேட்கிறது. பெரியவர்களும் தடுமாறுகிறார்கள். பொம்மைக்குத் தெரியாமல் இருக்கலாம், அதில் அதற்கு வெட்கமில்லை. இந்த நிகழ்ச்சி நிலைத்ததற்கு இதுவே காரணம் என்பேன். அதே தெருவில் பெர்ட், எர்னி என்ற இரு பொம்மைகளும் இருக்கிறார்கள். ஒருவர் தூங்கப் பார்ப்பார், இன்னொருவர் விடமாட்டார். உச்சிக்குடும்பனைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

'செசமி ஸ்ட்ரீட்'டின் இந்திய வடிவமான 'கலி கலி சிம் சிம்' 2006-ல் வந்தது. பள்ளிச் சீருடையில் சம்கி என்ற சிறுமி, பூம்பா என்ற சைவச் சிங்கம். நல்ல முயற்சிதான், ஆனால் அது பேசியது இந்தி.

தமிழுக்கு வருவோம். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. 2007-ல் சுட்டி டிவி என்ற குழந்தைகள் அலைவரிசை வந்து கார்ட்டூன் சிறுமி டோராவைத் தமிழ் பேசவைத்தது. கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் டோராவிடம் நம் பிள்ளைகள் மயங்கியதில் வியப்பில்லை. கூத்துக் கோமாளியும் கூட்டத்தைப் பார்த்துத்தான் பேசுவான். ஆனாலும் தமிழ்க் குழந்தைகள் எல்லோரும் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரு சொந்தப் பொம்மை, என் கணக்கில், இன்றுவரை பிறக்கவில்லை. திறமைக்குப் பஞ்சமில்லை. குடும்பக் கட்டுப்பாடு, சுகாதாரம் என்று பிரசாரம் செய்யவே பொம்மையை அழைத்துப் பழகிவிட்டோம். புத்தி சொல்லும் பொம்மையை எந்தக் குழந்தையும் இரண்டாம் முறை பார்க்காது.

அரசின் பொதிகை அலைவரிசை இப்போது டிடி தமிழ் ஆகிவிட்டது. பெயரை மாற்றியவர்கள் வாரத்தில் அரை மணி நேரம் ஒதுக்கட்டும். ராமாயணமும் வேண்டாம், கை கழுவும் பாடமும் வேண்டாம். உச்சிக்குடும்பனையும் உளுவத்தலையனையும் ஒரு தெருவில் இறக்கிவிட்டு, நாலு நிஜக் குழந்தைகளைப் பக்கத்தில் நிறுத்தட்டும். வசனத்துக்கு வெளியே ஆள் தேட வேண்டாம், கூத்துக் கலைஞர்களையே கேளுங்கள்.